இருவருமே படையைப் பிரித்தார்கள்: 1219 குவாரசமியப் போரில் மங்கோலியர் வென்ற விதம்

மங்கோலியர் எப்படி அவ்வளவு பெரிய நிலத்தைப் பிடித்தார்கள் என்று யாரைக் கேட்டாலும் மூன்று பதில் தயாராக இருக்கும். கூட்டம் கூட்டமாக வந்தார்கள், குதிரை மேலிருந்தே அம்பு விட்டார்கள், ஈவிரக்கம் இல்லாமல் கொன்றார்கள். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் மூன்றையும் கூட்டினாலும் கணக்கு உதைக்கிறது. குதிரையும் வில்லுமாகப் புல்வெளியிலிருந்து கிளம்பி வந்தவர்கள் ஹூணர் காலத்திலிருந்தே இருக்கிறார்கள். அவர்களில் யாரும் பசிபிக் கடலிலிருந்து கருங்கடல் வரை போகவில்லை. கொலை வெறியில் அந்தக் காலத்து அரசர்கள் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. எண்ணிக்கையோ, பெரும்பாலும் மங்கோலியர் பக்கம் அதிகமாக இருந்ததில்லை.

அதனால் எல்லாப் போர்களையும் மொத்தமாக அள்ளாமல் ஒன்றை மட்டும் எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். 1219 முதல் 1221 வரை நடந்த குவாரசமியப் படையெடுப்பு. இன்றைய உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான், ஈரான், ஆப்கானிஸ்தானின் பெரும்பகுதி எல்லாம் சேர்ந்த பேரரசு அது. ஏன் இந்தப் போர் என்றால், எதிரிகள் இருவரும் ஏறத்தாழ ஒரே மாதிரிப் படை வைத்திருந்தார்கள். குவாரசம் ஷாவின் படைக்கு முதுகெலும்பே கிப்சாக், கங்லித் துருக்கியர்தான். அவர்களும் குதிரை வில்லாளிகள், அவர்களும் கொம்பும் மரமும் தசைநாரும் ஒட்டிச் செய்த கூட்டு வில்லை வைத்திருந்தவர்கள், ஓடுவதுபோல் நடித்துத் திரும்பி அடிப்பது அவர்களுக்கும் தாத்தா காலத்து வித்தை. ஆயுதத்தை வைத்து விளக்கம் சொல்ல இங்கே வழியில்லை. அப்படியானால் வித்தியாசம் வேறு எங்கேயோ இருக்க வேண்டும்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டை தொடங்கும் முன் ஷா முகம்மது, செங்கிஸ் கான் இருவருமே ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள்: கையிலிருந்த படையைத் துண்டு துண்டாகப் பிரித்து அனுப்பினார்கள். ஷா தன் தளபதிகளை நம்ப முடியாததால் பிரித்தார். செங்கிஸ் நம்ப முடிந்ததால் பிரித்தார். மீதி எல்லாம் இதற்குள்தான் வருகிறது.

சண்டை மூண்ட கதை

செங்கிஸ் முதலில் கேட்டது வியாபாரம். வட சீனாவில் ஜின் அரசோடு 1211 முதல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவருக்கு மேற்கே இன்னொரு போர் அப்போது தேவைப்படவில்லை. தூது போனவர்களில் ஒருவர் மஹ்மூத், குவாரசமைச் சேர்ந்த வணிகர். கொண்டுபோன செய்தியில் ஷாவைத் தன் அருமை மகன்களில் ஒருவராக நினைப்பதாக செங்கிஸ் சொல்லியிருந்தார். அந்தக் காலத்து அரச மொழியில் இதற்கு நீ எனக்குக் கீழே என்று பொருள். தன்னை இரண்டாம் அலெக்சாந்தர் என்று அழைத்துக்கொண்ட ஷாவுக்கு இது எப்படி இருந்திருக்கும்!

அன்றிரவே ஷா மஹ்மூதைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார் என்கிறார் நசவி. பின்னாளில் ஷாவின் மகன் ஜலாலுத்தீனிடம் செயலராக இருந்தவர் அவர், அரண்மனைச் சங்கதிகள் தெரிந்தவர். நீ எங்கள் ஊர்க்காரன், உண்மையைச் சொல், செங்கிஸ் சீனத்தைப் பிடித்தது நிஜமா என்று கேட்டு, கையணியிலிருந்து ஒரு ரத்தினத்தையும் கழற்றிக் கொடுத்து, எனக்கு ஒற்றனாக இரு என்றும் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஷாவின் முகம் மாறுவதைப் பார்த்த மஹ்மூத் உயிர்ப்பயத்தில், உங்கள் படைக்கு முன்னால் அவன் படை எம்மாத்திரம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். யோசித்துப் பாருங்கள், பக்கத்து நாட்டின் படைபலத்தைத் தெரிந்துகொள்ள ஷாவுக்கு இருந்த வழி, எதிரியின் தூதரையே ராத்திரியில் கூப்பிட்டுக் கேட்பதுதான். செங்கிஸுக்கோ ஷாவின் நாட்டு வணிகர்களே சந்தை, சாலை, கோட்டை, அரண்மனைச் சண்டை வரை எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் 1218ல் ஷாவின் எல்லை நகரான ஒற்றாருக்கு வந்த ஏறத்தாழ 450 வணிகர்களை, பெரும்பாலும் முஸ்லிம்கள், ஒற்றர்கள் என்று சொல்லி நகர ஆளுநர் இனால்சுக் கொன்று சரக்கைப் பறித்துக்கொண்டார். ஒருவர் மட்டும் தப்பிப்போய்ச் செய்தி சொன்னார். நியாயம் கேட்டு செங்கிஸ் அனுப்பிய தூதரை ஷா கொன்றார், கூட வந்த இருவரின் தாடியை மழித்துத் திருப்பி அனுப்பினார். இனால்சுக்கை ஒப்படைத்திருந்தால் போரே வந்திருக்காது என்று பலர் எழுதுகிறார்கள். ஷாவால் ஒப்படைத்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இனால்சுக் ஷாவின் தாய் துர்க்கான் காதூனின் உறவினர்.

ஷாவின் வீட்டுக்குள்

இந்தத் தாயைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. துருக்கியப் புல்வெளிக் குலத்திலிருந்து வந்தவர். படையின் பெரிய தலைகள் அத்தனை பேரும் அவருடைய ஆட்கள். அவருக்குத் தனி அரசவை, தனி முத்திரை. ஷா ஓர் ஆணை போட்டு, அதே விஷயத்தில் அம்மா வேறு ஆணை போட்டால் அதிகாரிகள் என்ன செய்வார்களாம் தெரியுமா, இரண்டிலும் தேதியைப் பார்த்துப் பிந்தைய தேதி எதுவோ அதைச் செய்வார்களாம். இதுவும் நசவி சொல்வதுதான். வாரிசு விஷயத்திலும் அவர் வைத்ததே சட்டம். திறமைசாலியான ஜலாலுத்தீனை ஒதுக்கிவிட்டு, தன் குலத்துப் பெண்ணுக்குப் பிறந்த பேரனை இளவரசனாக்கினார்.

வெளியிலும் நிலைமை சரியில்லை. சமர்கண்ட் ஷாவின் கைக்கு வந்தே கொஞ்ச காலம்தான், 1212ல் அங்கே எழுந்த கலகத்தை ரத்த வெள்ளத்தில் அடக்கியிருந்தார். பாக்தாத் கலீபாவோடு பகைத்துக்கொண்டு 1217ல் அங்கேயே படையெடுத்து, மலைப்பனியில் படை சிதறித் திரும்பியிருந்தார். சூபிப் பெரியவர் ஒருவரைக் கொன்ற கெட்ட பெயர் வேறு. சமர்கண்டைச் சுற்றிப் பெரிய மதில் எழுப்பப் போவதாக ஒரே ஆண்டில் மூன்று முறை வரி வசூலித்தார், மதில் மட்டும் எழும்பவில்லை.

படையெடுப்புக்குச் சற்று முன் ஷாவே நேரில் ஒரு மங்கோலியப் படையைப் பார்த்தும்விட்டார். செங்கிஸின் மூத்த மகன் ஜோச்சி, தப்பியோடிய மெர்கித் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு வடக்கே வந்திருந்த சமயம் அது. உங்களோடு மோத எங்களுக்கு உத்தரவில்லை என்று சொல்லியும் ஷா விடாமல் தாக்கினார். நாள் முழுதும் சண்டை, வெற்றி தோல்வி இல்லை, ஷாவின் நடுப்படையே உடையப் பார்த்தபோது ஜலாலுத்தீன் வந்து காப்பாற்றினார். இரவில் மங்கோலியர் முகாமெங்கும் நெருப்பை எரியவிட்டுவிட்டுச் சத்தமில்லாமல் கிளம்பிப் போய்விட்டார்கள். ஷா விடிந்து பார்த்தால் எதிரே யாரும் இல்லை. எண்ணிக்கையில் சின்ன படை தன்னைச் சரிக்குச் சரி நிறுத்தியது அவர் மனத்தில் தங்கிவிட்டது.

செங்கிஸ் வருகிறார் என்று தெரிந்ததும் ஆலோசனை நடந்தது. மொத்தப் படையையும் சிர் தரியா ஆற்றங்கரையில் நிறுத்தி, நெடும்பயணம் செய்து களைத்து வருபவனை அங்கேயே அடிக்கலாம் என்றார் ஷிஹாபுத்தீன் என்ற அறிஞர். நல்ல யோசனை. ஆனால் அதற்கு எல்லாத் தளபதிகளையும் அவர்கள் படைகளோடு ஒரே இடத்தில் கூட்ட வேண்டும். அம்மாவின் ஆட்கள் அத்தனை பேரும் ஆயுதத்தோடு ஒரே முகாமில் இருந்தால் முதலில் போகப் போவது யார் தலை? ஷா பயந்தது இதற்கு. எனவே புகாராவுக்கு இவ்வளவு, சமர்கண்டுக்கு இவ்வளவு, ஒற்றாருக்கு இவ்வளவு என்று பிரித்து மதிலுக்குள் அடைத்தார்.

அந்தப் பயத்துக்கு செங்கிஸ் எண்ணெய் ஊற்றினார். ஒற்றாரிலிருந்து ஓடிவந்து சேர்ந்த பத்ருத்தீன் என்ற அதிகாரி, ஷாவால் தன் குடும்பத்தைப் பறிகொடுத்தவர், துர்க்கான் காதூனின் உறவுத் தளபதிகள் செங்கிஸுக்கு எழுதியதுபோலப் பொய்க் கடிதங்கள் தயாரித்து ஷாவின் கையில் கிடைக்கும்படி செய்தார். இல்லாத சந்தேகத்தை யாரும் கடிதம் எழுதி உண்டாக்க முடியாது. ஏற்கெனவே இருந்ததை ஊதிவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஷாவுக்காக ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். மதிலுக்குள் உட்கார்வது அன்றைய நிலையில் முட்டாள்தனம் இல்லை. புல்வெளிக் குதிரைப் படைகள் வழக்கமாகக் கிராமங்களைக் கொள்ளையடிக்கும், கோட்டையைச் சுற்றிச் சுற்றி வரும், புல் தீர்ந்ததும் போய்விடும். இந்த மங்கோலியர் அதற்குள் ஏழெட்டு ஆண்டுகள் சீனாவில் மதில் மதிலாக மோதி, 1215ல் ஜின் தலைநகரையே (இன்றைய பெய்ஜிங் பக்கம்) பட்டினி போட்டுப் பிடித்து, சீனக் கவண்பொறியாளர்களைக் கூடவே கூட்டிக்கொண்டு திரிந்தார்கள் என்பதுதான் அவர் கணக்கில் வரவில்லை.

செங்கிஸால் பிரிக்க முடிந்தது ஏன்

1206ல் ஓனோன் ஆற்றங்கரையில் கூடிய குருல்தாயில் (குலத்தலைவர்கள் கூடும் பேரவை) தெமுஜின் செங்கிஸ் கான் ஆனபோது 95 ஆயிரவர் படைகளுக்குத் தலைவர்கள் நியமிக்கப்பட்டதாக மங்கோலியர்களின் இரகசிய வரலாறு என்ற பழைய மங்கோலிய நூல் பட்டியல் தருகிறது. பத்துப் பேர் ஓர் அர்பன், நூறு பேர் ஒரு ஜூன், ஆயிரம் பேர் ஒரு மிங்கன், பத்தாயிரம் பேர் ஒரு தூமன். பத்தின் மடங்கில் படை அமைப்பது அவர் கண்டுபிடிப்பு இல்லை, புல்வெளியில் பழைய வழக்கம். அவர் செய்தது, தோற்ற குலங்களை உடைத்து இந்தப் பத்துகளுக்குள் கலந்து போட்டது. தாத்தார், கெரெயித், நைமன் என்று நேற்றுவரை ஒருவரையொருவர் கொன்றவர்கள் ஒரே பத்துக்குள் வந்தார்கள். ஒருவர் தன் பிரிவை விட்டு வேறு பிரிவுக்குப் போகக் கூடாது. பத்தில் ஒருவரோ இருவரோ ஓடினால் பத்துப் பேருக்கும் சாவு என்று, 1240களில் போப்பின் தூதராக மங்கோலியாவரை போய்வந்த கார்பினி எழுதுகிறார். குலத்தலைவன் சொன்னால் ஒரு கூட்டமே எழுந்து போய்விடும் என்ற நிலை இதோடு முடிந்தது.

தளபதிகளை எப்படிப் பிடித்து வைத்தார்? பாதி நம்பிக்கை, பாதி பிணைக்கைதி. கெஷிக் என்ற மெய்க்காவல் படையில் பத்தாயிரம் பேர், அதில் ஆயிரவர், நூற்றவர் தலைவர்களின் மகன்களும் தம்பிகளும் சேர வேண்டும். பையன் கானின் கூடாரத்தில் இருக்கும்போது அப்பா கலகம் செய்ய யோசிப்பான். அதே பையன் அங்கே வேலை பழகி நாளைக்குத் தளபதியாகவும் வருவான். ஷாவும் பிணையாகப் பல சிற்றரசர் மகன்களைத் தலைநகரில் வைத்திருந்தார்தான். அவர்களுக்கு அங்கே எதிர்காலம் எதுவும் இல்லை, கடைசியில் ஓடும் முன் துர்க்கான் காதூன் அவர்களை ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லச் சொன்னார்.

மேலே வந்தவர்களைப் பாருங்கள். ஜெபே, 1201 வாக்கில் எதிரிப் படையில் இருந்து செங்கிஸின் குதிரையை அம்பெய்து வீழ்த்தியவன். நான்தான் எய்தேன் என்று வந்து ஒப்புக்கொண்டதால் சேர்த்துக்கொள்ளப்பட்டான். சுபுதை பெரிய குலத்துப் பிள்ளை இல்லை. இந்த இருவரையும் பின்னால் ஒரு பேரரசரைத் துரத்திப் பிடிக்க அனுப்புவார், அவர்கள் நான்கு ஆண்டுகள் கண்ணுக்கெட்டாத தூரத்தில் திரிந்துவிட்டுத் திரும்புவார்கள், இடையில் தனி ராஜ்யம் வைக்கலாம் என்று ஒருவரும் நினைக்க மாட்டார்கள். அன்றைய எந்த அரசிலும் இப்படி நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் பார்வையில் இதைவிட முக்கியமானது 1202ல் தாத்தார்களோடு நடந்த சண்டைக்கு முன் போட்ட ஓர் உத்தரவு. சண்டை முடியும்வரை யாரும் கொள்ளையில் கை வைக்கக் கூடாது, முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பங்கிடுவோம். கேட்க எளிது, ஆனால் புல்வெளிச் சண்டையே கொள்ளைக்காகத்தான் நடந்தது. எதிரி முகாம் உடைந்ததும் ஆளாளுக்கு ஆடு மாடு ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுவதும், ஓடிய எதிரி திரும்பி வந்து அடிப்பதும் சகஜம். செங்கிஸின் நெருங்கிய உறவினர்களான அல்தான், குச்சார், சித்தப்பா தாரிதாய் மூவரும் உத்தரவை மீறியபோது ஜெபேயை அனுப்பி அவர்கள் எடுத்ததைப் பிடுங்கச் செய்தார். சொந்தச் சித்தப்பாவிடம் நேற்று வந்தவனை அனுப்பிப் பிடுங்குவது என்றால்! மூவரும் கோபித்துக்கொண்டு விலகினார்கள். அவர் உத்தரவை மாற்றவில்லை. இந்த உத்தரவு இருபது வருடம் கழித்து ஆப்கானிஸ்தானில் மறுபடி நம் கதைக்குள் வரும்.

குளிர்கால வேட்டையையும் சொல்ல வேண்டும். பல பத்து மைல் சுற்றளவில் படை முழுவதும் வளையமாக நின்று, வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில், மெல்ல மெல்ல உள்ளே நெருங்கும். நடுவில் எதையும் கொல்லக் கூடாது, ஒரு விலங்குகூடத் தப்பக் கூடாது. தப்பினால் அந்த இடத்துப் பத்தவர், நூற்றவர் தலைவனுக்கு அடி. கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நிற்கும் இன்னொரு பிரிவோடு வேகத்தை ஒத்து நகர்வது எப்படி என்பதை ஆண்டுதோறும் இப்படிப் பழகினார்கள். 1219ல் நடந்ததும் இதேதான், விலங்குகளுக்குப் பதில் நகரங்கள்.

நான்கு வழி

1219 கோடையை செங்கிஸ் இர்திஷ் ஆற்றங்கரையில் குதிரைகளை மேயவிட்டுக் கழித்தார். ஆளுக்கு மூன்று முதல் ஐந்து குதிரை. பனிக்கடியிலும் குளம்பால் கிளறிப் புல் தின்னும் குட்டையான குதிரைகள், தானியம் சுமக்க வேண்டியதில்லை. காய்ந்த இறைச்சி, காய்ந்த தயிர்க்கட்டி, குதிரைப்பால், இவ்வளவுதான் சாப்பாடு. மங்கோலியாவில் 1211 முதல் 1225 வரை தொடர்ந்து மழை நன்றாகப் பெய்து புல் செழித்திருந்தது என்று மரவளையங்களை வைத்து 2014ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. அதிர்ஷ்டம்தான். ஆனால் மழை பெய்தால் புல் வளரும், படை தானாக வளராது.

உய்குர், கார்லுக், அல்மாலிக் அரசர்கள் தங்கள் படைகளோடு வந்து சேர்ந்தார்கள். தளபதி முகாலி ஒரு பகுதிப் படையோடு சீனாவிலேயே இருந்தார். மொத்தம் எத்தனை பேர் மேற்கே வந்தார்கள் என்பதில் சண்டை உண்டு, ஆனால் 1227ல் செங்கிஸ் இறந்தபோது மொத்த மங்கோலியப் படையே 1,29,000 என்பது பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் தரும் கணக்கு. அதில் சீனாவில் இருந்தவர்களைக் கழித்துக்கொள்ளுங்கள். மறுபக்கம் சமர்கண்டில் மட்டும் 1,10,000 பேர் காவல் இருந்தார்கள் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி, 50,000 என்கிறார் அரபு வரலாற்றாசிரியர் இப்னுல் அசீர், 40,000 என்கிறார் நசவி. அந்தக் காலத்து எண்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இந்த மூன்றே போதும். எப்படிக் கூட்டினாலும் ஷா பக்கம் ஆள் பஞ்சம் இல்லை.

இலையுதிர் காலத்தில் ஒற்றார் முன் வந்து நின்று படை நான்காகப் பிரிந்தது. செங்கிஸின் மகன்கள் சகதாயும் ஒகதாயும் ஒற்றாரை முற்றுகையிட்டார்கள். ஜோச்சி சிர் தரியா வழியே கீழே இறங்கினான். சுமார் 5,000 பேர் மட்டும் உள்ள ஒரு பிரிவு ஆற்றின் மேல்பக்கம் பனாகத், குஜந்த் நோக்கிப் போனது. செங்கிஸும் கடைசி மகன் டொலுயும் காணாமல் போனார்கள்.

போனது கிசில்கும் பாலைவனத்துக்குள். வழியில் சர்னூக் என்ற சிற்றூர் பணிந்தது, உயிருக்குச் சேதமில்லை, இளைஞர்களை மட்டும் முற்றுகை வேலைக்குப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே கிடைத்த துர்க்மென் வழிகாட்டி, யாரும் போகாத ஒரு பாதையில் நூர் என்ற ஊருக்குக் கூட்டிப்போனான். முன்படை இரவில் தோப்புகள் வழியாக வந்தது, மரங்களை வெட்டி ஏணி செய்து குதிரைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நகர்ந்தது. மதில்மேல் இருந்த காவல்காரன் ஏதோ வணிகக் கூட்டம் வருகிறது என்றே நினைத்திருக்கிறான். மங்கோலியப் படை வடக்கே ஒற்றாரில் இருக்கிறது என்பதுதானே எல்லோருக்கும் தெரிந்த செய்தி! ஊர் பணிந்தது. ஷாவுக்கு ஆண்டுக்கு எவ்வளவு வரி கட்டினீர்கள் என்று செங்கிஸ் கேட்டார். 1,500 தினார். அதையே எனக்குக் கொடுங்கள், வேறு தொல்லை வராது. பாதிப் பணம் ஊர்ப் பெண்களின் காதணிகளில் தேறியது என்று ஜுவைனி எழுதுகிறார்.

1220ன் தொடக்கத்தில் புகாரா மக்கள் கண்விழித்தபோது செங்கிஸ் மேற்குப் பக்கமிருந்து, அதாவது ஷாவின் முன்னரண் கோட்டைகளுக்கெல்லாம் பின்னாலிருந்து, மதில் முன் நின்றார். காவல் படை இரவில் மதிலை விட்டு வெளியேறி ஓடப் பார்த்து, ஆமு தரியாவை எட்டும்போது அழிந்தது. நகரம் கதவைத் திறந்தது. உள்கோட்டை மட்டும் பன்னிரண்டு நாள் போல நின்றது.

சமர்கண்டில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். புகாராவில் பிடித்த கைதிகளை நடக்கவைத்தே கூட்டிவந்தார்கள், நடக்க முடியாதவர்களை வழியிலேயே கொன்றார்கள். பத்துக் கைதிக்கு ஒரு கொடி வீதம் கொடுத்துத் தூரத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். மதில்மேலிருந்து பார்த்தவர்களுக்கு அது முடிவே இல்லாத படையாகத் தெரிந்தது. முதல் நாள் மங்கோலியர் சும்மா சுற்றிவந்தார்கள். நகர மக்களில் துணிந்த ஒரு கூட்டம் கால்நடையாக வெளியே பாய்ந்தபோது மங்கோலியர் பின்வாங்குவதுபோல் இழுத்துப்போய், மறைந்திருந்த படையால் வளைத்து வெட்டினார்கள். ஷாவின் குதிரைப்படை மதிலுக்குள்ளேயே இருந்து அதை வேடிக்கை பார்த்தது. யானைகளை இறக்கியும் பயனில்லை. சில நாளில் நகர காஜி (நீதிபதி) போய்ச் சமாதானம் பேசினார். ஏழெட்டு வருடம் முன் தங்களை வெட்டிய ஷாவுக்காக சமர்கண்ட் மக்கள் எவ்வளவு தூரம் சாவார்கள்?

துருக்கியக் காவல் படை நாமும் புல்வெளிக்காரர்கள்தானே, சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பிச் சரணடைந்தது. மொத்தமாகக் கொல்லப்பட்டார்கள். ஒற்றாரிலும் இதேதான்: ஷா துணைக்கு அனுப்பிய தளபதி கராசா பல மாத முற்றுகைக்குப் பின் படையோடு வெளியே வந்து சரணடைய, தன் எஜமானனுக்கே உண்மையாக இல்லாதவன் நமக்கு எப்படி இருப்பான் என்று இளவரசர்கள் கொன்றுவிட்டார்கள். கைவினைஞர்களைப் பொறுக்கி எடுத்து மங்கோலியாவுக்கு அனுப்பினார்கள். மற்ற ஆண்களை அடுத்த நகர முற்றுகைக்கு முன்வரிசையில் ஓட்டினார்கள், அகழியை நிரப்பவும், மதிலில் இருந்து வரும் அம்பை வாங்கவும். செங்கிஸின் யுத்த தந்திரத்தை வாய் பிளந்து புகழ்கிறவர்கள் இந்த மனிதர்களைக் கணக்கில் வைப்பதே இல்லை. சின்ன படை பெரிய மதிலைப் பிடித்த ரகசியத்தில் பாதி இவர்களின் உடம்புதான்.

பயமுறுத்தலும் இதே கணக்கில்தான் வரும். பணிந்தால் வரி, எதிர்த்தால் அழிவு என்று தெரிந்த பின் பல ஊர்கள் சண்டையின்றித் திறந்தன, அதனால் ஆள் மிச்சம். நிஷாப்பூரில் 17 லட்சத்துக்கு மேல் கொல்லப்பட்டார்கள் என்பது போன்ற எண்களை நம்ப முடியாது, அவ்வளவு பேர் அங்கே வாழ்ந்திருக்கவே வழியில்லை. ஆனால் மெர்வும் நிஷாப்பூரும் 1221ல் அழிந்தது அழிந்ததுதான். அந்த வதந்தி அடுத்த ஊருக்குப் படையைவிட வேகமாகப் போனது.

ஷா ஓடிக்கொண்டே இருந்தார். ஜெபேயும் சுபுதையும் பின்னாலேயே. படையைக் கூட்டிச் சேர்க்க அவர் எங்கும் நிற்க முடியாதபடி துரத்தியதுதான் அவர்கள் வேலை, அதைச் செய்தார்கள். 1220 டிசம்பரில் ஷா காஸ்பியன் கடலின் ஒரு தீவில் நோயில் இறந்தார். போர்த்தக் கோடித்துணி கிடைக்காமல் ஒருவரின் சட்டையைப் போர்த்திப் புதைத்தார்களாம்.

சறுக்கிய இரண்டு இடம்

நம்பிப் பிரிப்பதுதான் காரணம் என்றால், அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் மங்கோலியர் தடுமாறியிருக்க வேண்டும். தடுமாறினார்கள்.

ஒன்று, குர்காஞ்ச், ஷாவின் தலைநகர். ஜோச்சிக்கும் சகதாய்க்கும் சின்ன வயதிலிருந்தே ஆகாது, ஜோச்சியின் பிறப்பைப் பற்றி சகதாய் எல்லோர் முன்னும் பேசிய பகை அது. அந்த நகரம் தன் பங்கில் வரும் என்பதால் சேதமில்லாமல் பிடிக்கப் பார்த்தான் ஜோச்சி, சகதாய் கேட்கவில்லை. ஒருவன் சொன்னதை மற்றவன் செய்யாமல் முற்றுகை மாதக்கணக்கில் இழுத்தது. பக்கத்தில் கல்லே கிடைக்காததால் மல்பெரி மரத்தடிகளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கனமாக்கிக் கவண்பொறியில் வைத்து வீசினார்கள். ஆற்றுப் பாலத்தைப் பிடிக்கப் போன 3,000 பேர் உயிரோடு திரும்பவில்லை. செய்தி போய், செங்கிஸ் இருவருக்கும் மேலே தம்பி ஒகதாயை நியமித்தார். அப்புறம்தான் வேலை நடந்தது, அதுவும் தெருத்தெருவாக, கல்லெண்ணெய் ஊற்றித் தீ வைத்து. 1221 வசந்தத்தில் விழுந்தது. அதே ஆட்கள், அதே பொறிகள். தலைமை இரண்டாக இருந்தவரை ஒன்றும் நகரவில்லை.

இரண்டு, பர்வான், காபூலுக்கு வடக்கே. ஜலாலுத்தீன் சிதறிய படைகளைக் கூட்டி, தளபதி ஷிகி குதுகுவின் மங்கோலியப் படையை எதிர்கொண்டார். தன் ஆட்களைக் குதிரையிலிருந்து இறக்கி, கடிவாளத்தைக் கையில் பிடித்தபடி நின்று அம்பு விடச் சொன்னார். ஷிகி குதுகு உபரிக் குதிரைகள் மேல் பொம்மைகளை ஏற்றி உதவிப் படை வந்ததாகக் காட்டிப் பார்த்தார், ஜலாலுத்தீன் அசையவில்லை. மங்கோலியருக்குத் தெளிவான தோல்வி.

அன்று மாலையே ஒரு குதிரைக்காக ஜலாலுத்தீனின் இரண்டு தளபதிகள் சண்டை போட்டார்கள். கொள்ளையில் வந்த குதிரை. ஒருவர் மற்றவரின் தலையில் சாட்டையால் அடித்தார். அடித்தவர் ஷாவின் குடும்பத்துக்கு வேண்டியவர் என்பதால் ஜலாலுத்தீனால் தண்டிக்க முடியவில்லை. அடிபட்ட இக்ராக் தன் பெரும்படையோடு இரவோடிரவாகக் கிளம்பிப் போய்விட்டார். 1202ல் செங்கிஸ் சித்தப்பாவிடமிருந்து எதற்காகப் பிடுங்கினார் என்பது இங்கே புரியும். வென்ற படை மறுநாள் பாதியாகிவிட்டது.

தோற்ற ஷிகி குதுகுவுக்கு என்ன ஆனது? தலை போகவில்லை. வெற்றியே பழகியவன், இப்போது அடி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டான், இனிக் கவனமாக இருப்பான் என்றார் செங்கிஸ். அப்புறம் அவரையே கூட்டிக்கொண்டு பர்வான் களத்துக்குப் போய், நீ எங்கே நின்றாய், எதிரி எங்கே நின்றான் என்று கேட்டு, இடத்தேர்வில் இருவர் செய்த பிழையையும் காட்டினார். தோற்ற தளபதியை ஷா இப்படி நடத்தியிருப்பாரா, அல்லது தோற்றவர் ஷா முன் திரும்பித்தான் வந்திருப்பாரா?

1221 நவம்பரில் சிந்து ஆற்றங்கரையில் ஜலாலுத்தீன் மாட்டிக்கொண்டார். கடைசிவரை சண்டையிட்டுக் குதிரையோடு ஆற்றில் குதித்து அக்கரை ஏறினார், செங்கிஸே மகன்களிடம் அவரைக் காட்டிப் பாராட்டினாராம். தில்லியில் இல்துத்மிஷ் நாசூக்காக அடைக்கலம் மறுத்துவிட்டார்.

நாற்பது ஆண்டு கழித்து

1259ல் பேரரசர் மோங்கே இறந்ததும் தம்பிகள் குப்லாயும் அரிக் போகேயும் பதவிக்கு மோதினார்கள். சிரியாவுக்குள் வந்திருந்த இன்னொரு தம்பி ஹுலாகு, ஆற்றுநீரும் புல்லும் போதாத நாடு என்ற காரணமும் சேர, பெரும்படையோடு திரும்பிவிட, சிறு படையோடு நின்ற தளபதி கித்புகாவை 1260 செப்டம்பரில் எகிப்தை ஆண்ட மம்லுக்குகள் பாலஸ்தீனத்தின் ஐன் ஜாலூத்தில் வீழ்த்தினார்கள். அந்த மம்லுக்குகளில் நிறையப் பேர் கிப்சாக்குகள், குவாரசம் ஷா மதிலுக்குள் அடைத்துவைத்துத் தோற்றாரே, அதே இனத்து வில்லாளிகள். சின்ன வயதில் அடிமைகளாக விற்கப்பட்டு, குலத்தை விட்டு, ஒரே பாசறையில் ஒரே எஜமானனின் கீழ் வளர்ந்தவர்கள். சித்தப்பா, மாமா என்று படையைக் கூட்டிக்கொண்டு போக அவர்களுக்கு யாரும் இல்லை.

மங்கோலியர் பக்கத்தில் ஜோச்சியின் மகன் பெர்கேயும் டொலுயின் மகன் ஹுலாகுவும் 1262ல் காகசஸ் மேய்ச்சல் நிலத்துக்காக ஒருவர்மேல் ஒருவர் படையெடுத்தார்கள். பெர்கே எகிப்து மம்லுக்குகளோடு கூட்டுச் சேர்ந்தார்.